பழைய ‘டூ-இன்-ஒன்’ பெட்டிகளைக் கையேடின்றிப் பழுதுபார்த்தல்

பெங்களூர் டவுன் ஹாலுக்கு அருகே, எஸ்.பி. ரோடு என்று மக்கள் சுருக்கி வழங்கும் சாதர பத்திரப்பா சாலையில், மின்னணுச் சாமான்கள் விற்கும் சிறு கடைகள் நெருங்கி அமைந்துள்ளன. மின்தடை, மின்தேக்கி, டிரான்ஸிஸ்டர், ரப்பர் பெல்ட்டு முதலியவற்றை அங்கே சில்லறையாகவே வாங்கலாம். எளிதில் கிட்டாத பொருள் ஒன்று உண்டு. 1970, 1980-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ரேடியோ-கேசட் பெட்டிகளுக்குரிய பழுதுபார்க்கும் கையேடே அது. வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் தோளில் சுமந்து வந்த இந்த ‘டூ-இன்-ஒன்’ பெட்டிகளின் மாதிரிகளை, அவற்றைச் செய்த கம்பெனிகள் நெடுநாட்களுக்கு முன்பே கைவிட்டுவிட்டன. சுற்றுப்படமும் அவற்றோடு மறைந்தது.

பாட்டுக் கேட்பதற்குக் கைப்பேசி போதுமே, இப்பெட்டியைச் செப்பனிடுவானேன் என்று சிலர் வினவலாம். பாட்டு மட்டுமே நோக்கமாயின் அவ்வினா நியாயமானதே. ஆனால் களப்பணியாளர்கள் சிற்றூர்களில் பதிவுசெய்த ஒப்பாரி, தெம்மாங்கு, முதிய உழவர்களின் பேச்சு, பள்ளி ஆண்டு விழாக்களின் பதிவு, கடிதத்துக்கு மாற்றாகக் கடல் கடந்து வந்த குரல் ஆகியவை பெரும்பாலும் ஒரே ஒரு கேசட்டில் உள்ளன. பிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட இக்கேசட்டின் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலமுடையது. தலைமயிரைக் காட்டிலும் மெல்லியது. பழுதுற்ற பெட்டியில் அதனை இட்டால் கசங்கும், சில வேளை அறும். ஆதலின் அரிய கேசட்டைக் கடைசியாகவே பெட்டிக்குள் இடவேண்டும். அதுவரை வீணாய்ப் போனாலும் கவலையில்லாத ஒரு கேசட்டைச் சோதனைக்கு வைத்துக்கொள்க.

முதலில் மின்கயிற்றைக் கழற்றிவிட்டு, உலர்மின்கலங்களால் பெட்டியை இயக்கிப் பார்க்கவேண்டும். இதனால் 230 வோல்ட்டு மின்சாரத்தின் அபாயம் நீங்குகிறது. அத்துடன், கையேட்டின் முதற்பக்கமும் நமக்குக் கிடைத்துவிடுகிறது. மின்கல அறையில் எத்தனை கலங்கள் வரிசையாக இணைகின்றன என்று எண்ணுக. ஆறாயின் 9 வோல்ட்டு, எட்டாயின் 12 வோல்ட்டு. சுற்று முழுவதும் அந்த மின்னழுத்தத்தை நம்பியே இயங்குகிறது. கலவரிசையின் எதிர்முனை பெரும்பாலும் சுற்றின் பொதுமுனையாக இருக்கும். இனி அளவெடுக்கும்போதெல்லாம் மானியின் கறுப்புக் கம்பியை அங்கேயே பொருத்தலாம்.

கலங்களில் தெளிவாக ஒலிக்கும் பெட்டி, வீட்டு மின்சாரத்தில் மட்டும் ‘ஹம்’ என்று இரைகிறதா? மின்மாற்றிக்கு அடுத்துள்ள டயோடுகளையோ பெரிய வடிகட்டு மின்தேக்கியையோ ஐயுறுக. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சியுடையது. நான்கு டயோடுகள் அதனை இருபுறமும் திருத்துவதால் இரைச்சல் 100 ஹெர்ட்ஸாக எழும். இதற்கு மாறாக, மின்சாரத்தில் ஒலித்துக் கலங்களில் ஊமையாகும் பெட்டியும் உண்டு. பல பெட்டிகளில் மின்கயிறு செருகும் துளைக்குள்ளேயே ஒரு சிறு தொடுவிசை அமைந்திருக்கும். கயிற்றைச் செருகும்போது அது கலங்களைத் துண்டிக்கும். அதன் தகடு களிம்பேறினால், கயிற்றை எடுத்த பின்னும் துண்டித்த நிலையிலேயே நிற்கும்.

அடுத்து, சுற்றினை இரு கூறாகப் பிரித்து நோக்கவேண்டும். பிரிக்கும் இடம் ஒலியளவுக் குமிழ். கலங்களில் இயங்கும்போது, ஒரு சிறு ஸ்க்ரூ டிரைவரின் உலோகப் பகுதியில் விரல் படும்படி பிடித்துக் குமிழின் நடுமுனையைத் தொடுக. நம் உடல் அறையிலுள்ள மின்கம்பிகளின் அதிர்வை ஏற்று நிற்பதால் ஒலிபெருக்கியில் ‘ஹம்’ எழும். எழுந்தால், குமிழுக்குப் பின்னுள்ள பெருக்கிப் பகுதி நலமாக உள்ளது. குற்றம் முன்பகுதியில் உளது. எழாவிடில் பின்பகுதியை ஆராய்க. மின்சாரத்தில் இணைத்த பெட்டியில் இச்சோதனை கூடவே கூடாது.

ரேடியோ பாடி, கேசட் மட்டும் மௌனமாயிருப்பின், பதிவு-ஒலிப்பு மாற்றுவிசையை முதலில் பார்க்கவேண்டும். விரல் நீளமுள்ள இச்சறுக்குவிசையில் பல இணைத் தொடுமுனைகள் உள்ளன. ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்தால் அவை கறுத்துவிடும். தொடுமுனைத் தூய்மைத் திரவத்தைச் சிறிது செலுத்தி, முப்பது முறை முன்னும் பின்னும் அசைத்தாலே உயிர்பெறும் பெட்டிகள் ஏராளம். மின்தேக்கிகளையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றத் தொடங்குவோர் இதனை ஏனோ மறந்துவிடுகின்றனர்.

ரேடியோ பகுதியைப் பற்றி ஒரு குறிப்புப் போதும். ஜப்பான் நாட்டு உபயோகத்துக்கென்றே செய்யப்பட்ட பழைய பெட்டிகளில் எஃப்.எம். அலைவரிசை 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரையே உண்டு. பெங்களூரில் 2001-இல் தொடங்கிய நாட்டின் முதல் தனியார் எஃப்.எம். நிலையம் 90 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அமைந்தது. அப்பெட்டியில் அது கேளாமை பழுதன்று.

இனி, கையேடு இல்லாக் குறையைப் பெரிதும் தீர்க்கும் முறைக்கு வருவோம். ஸ்டீரியோ பெட்டியில் இடம், வலம் என இரு வழிகள் உள்ளன. இரண்டும் ஒரே அமைப்புடையவை. ஒரே அளவுள்ள உறுப்புகளால் ஆனவை. இரண்டும் ஒருங்கே ஒரே முறையில் பழுதுறுவது அரிது. எனவே நன்றாக ஒலிக்கும் வழியே, ஒலிக்காத வழிக்குக் கையேடு. ஒரு தாளில் இரு பத்திகள் வரைந்து, ஒத்த புள்ளிகளின் மின்னழுத்தங்களை எதிரெதிரே குறித்துவருக. 12 வோல்ட்டுப் பெட்டியில் பெருக்கித் தொகுப்புச் சுற்றின் வெளியீட்டு முனை, ஒற்றை மின்வழங்கலில் இயங்கும் வகையாயின், ஏறக்குறைய பாதியளவான 6 வோல்ட்டில் நிற்கும். இடப்புறம் 5.9 என்றும் வலப்புறம் 1.2 என்றும் காட்டுமாயின் தேடல் அங்கே குறுகிவிடுகிறது. பின்னர் மின்கலங்களை அகற்றிவிட்டு, அதே புள்ளிகளில் மின்தடையை ஒப்பிடுக. எங்கு இரு எண்கள் பெரிதும் வேறுபடுகின்றனவோ, அதனைச் சுற்றியுள்ள நாலைந்து உறுப்புகளுக்குள் குற்றவாளி அகப்படும்.

ஒற்றை வழிப் பெட்டியில் இவ்வசதி இல்லை. ஆயினும் தொகுப்புச் சுற்றின் முதுகில் பொறித்த எண் நமக்கு உதவும். பெட்டியின் கையேடு மறைந்தாலும், அந்த எண்ணுக்குரிய தொழில்நுட்பத் தாள் பெரும்பாலும் கிடைக்கும்; ஒவ்வொரு கால்முனையின் பணியும் அதில் விளங்கும். தனி டிரான்ஸிஸ்டர்களாயின், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே அளந்து பார்க்கலாம். இயங்கும் சிலிக்கான் டிரான்ஸிஸ்டரில் 0.6 முதல் 0.7 வோல்ட்டு வரையும், ஜெர்மானிய வகையில் 0.2 வோல்ட்டு அளவிலும் காணப்படும். 1954-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1962-இல் ஜெர்மானியக் குறைகடத்திகளைச் செய்யத் தொடங்கியது. ஆகவே மிகப் பழைய உள்நாட்டு ரேடியோவில் 0.2 கண்டு, பழுதென்று எண்ணிப் பிடுங்கிவிடலாகாது.

மின்பகுதி சீராயினும் கேசட்டை நம்பி இடுவதற்கில்லை. நாடாவை விழுங்கும் குற்றம் இயந்திரப் பகுதியைச் சேர்ந்தது. எஃகுத் தண்டும் அதன்மேல் அழுந்தும் ரப்பர் உருளையும் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வீதம் நாடாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனைச் சுருட்டவேண்டிய கதிர் சோர்ந்தால், தள்ளப்பட்ட நாடா போக்கிடமின்றி உருளையைச் சுற்றிக்கொள்ளும். சோதனை எளிது: கேசட்டு இல்லாமல் ஒலிப்பு விசையை அழுத்தி, சுருட்டும் கதிரை விரலால் மெல்லத் தடுத்துப் பார்க்கவேண்டும். அது விரலை எதிர்த்துச் சுழல முயலவேண்டும். தொட்டவுடன் நின்றுவிட்டால் பெல்ட்டு தளர்ந்தது என்க.

பழைய பெல்ட்டு சில வேளை உருகித் தார்போல் கப்பிகளில் ஒட்டியிருக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சினால் சிறிதும் மிஞ்சாமல் துடைக்கவேண்டும்; ஒரு துளி எஞ்சினாலும் புதிய பெல்ட்டு வழுக்கும். புதியதன் அளவை அறிய, கப்பிகளைச் சுற்றி ஒரு நூலை இறுகப் பிடித்து அளந்து, அந்நீளத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்துக்கொள்க. எஸ்.பி. ரோட்டிலோ சென்னை ரிச்சித் தெருவிலோ அந்த நூலையும் பழைய துண்டையும் காட்டினால், கடைக்காரர் தடிப்பைப் பார்த்தே எடுத்துத் தருவார்.

வேகத்தைச் சரிபார்க்க, நன்றாக இயங்கும் வேறொரு பெட்டியில் 1000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பதிந்துகொண்டு, நம் பெட்டியில் ஒலிக்கச் செய்து, கைப்பேசியிலுள்ள அதிர்வெண் அளக்கும் செயலியால் நோக்கலாம். 950 என்று காட்டினால் நூற்றுக்கு ஐந்து பங்கு மெதுவாக ஓடுகிறது. பல மோட்டார்களின் பின்புறத் துளைக்குள் வேகத் திருகு உண்டு. அதன் பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, இம்மியளவாகத் திருப்புக.

சோதனைக் கேசட்டு இருபுறமும் தடையின்றி ஓடிய பின்னரே அரிய கேசட்டை எடுக்கவேண்டும். அதன் பின்விளிம்பிலுள்ள இரு சிறு பிளாஸ்டிக் தகடுகளை முதலில் ஒடித்துவிடுக. தவறிப் பதிவு விசையை அழுத்தினாலும் குரல் அழியாது. நெடுங்காலம் இறுகிக் கிடந்த நாடாவை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிக்கொள்க. பின், செவிக்கருவித் துளையிலிருந்து கணிப்பொறிக்குக் கம்பி இணைத்து, முதல் ஒலிப்பிலேயே பதிவுசெய்யத் தொடங்குக. மறுமுறை ஒலிக்கும்போது நாடாவின் பூச்சு உதிராது என்று யாரும் உறுதி கூற இயலாது.