ஆக்டேன் எண்ணும் பிளக்கின் சூடும்

பெட்ரோல் பங்கில் சாதாரண பெட்ரோலுக்கு அருகில் கூடுதல் விலையில் விற்கப்படும் உயர்ரகப் பெட்ரோல் எந்த வண்டிக்கும் கூடுதல் இழுவை தரும் என்ற நம்பிக்கையும், விலையுயர்ந்த ஸ்பார்க் பிளக் மாட்டினால் எஞ்சின் தானாகவே வேகம் பெறும் என்ற நம்பிக்கையும் வாகன உரிமையாளர்களிடையே பரவலாக உள்ளன. எரிபொருளும் பிளக்கும் எஞ்சினின் அமைப்புக்குப் பொருந்தும்போதுதான் பயன் தருகின்றன. பொருந்தாதபோது செலவு வீணாவதோடு சில வேளைகளில் எஞ்சினும் கெடுகிறது.

காஞ்சிபுரத்தின் தெருக்களில் சுமை ஏற்றிச் செல்லும் சிறிய சரக்கு வண்டிகளை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அவற்றுள் டீசல் வண்டிகளுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் சூடேறிய காற்றே டீசலைப் பற்றவைக்கிறது. டாடா ஏஸ் கோல்டு, மாருதி சூப்பர் கேரி ஆகியவற்றின் பெட்ரோல் வகைகளிலோ, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையைப் பிளக்கின் பொறியே குறித்த நொடியில் பற்றவைக்க வேண்டும். பொறி மூட்டிய தீ பரவி முடிவதற்குள், மூலையில் மிஞ்சிய கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாகவே வெடித்துவிட்டால், பாரம் ஏற்றிய வண்டி மேம்பாலம் ஏறும்போது சிறு சுத்தியல் கொண்டு இரும்பைத் தட்டுவது போன்ற ஓசை எழும். இதையே மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ (தட்டல்) என்கின்றனர். இது தொடர்ந்தால் பிஸ்டன் சேதமடையும்.

தானாக நிகழும் இந்த வெடிப்பைப் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் அளவே ஆக்டேன் எண். 1920-களில் அமெரிக்க வேதியியலாளர் கிரஹாம் எட்கர், எளிதில் தட்டாத ஐசோ-ஆக்டேனுக்கு 100 என்றும், எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0 என்றும் எல்லை வகுத்தார். ஆகவே 91 என்பது, 91 பங்கு ஐசோ-ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவைக்கு நிகரான தாங்குதிறனைக் குறிக்கிறதே அன்றி, எரிபொருளில் அடங்கிய ஆற்றலைக் குறிப்பதில்லை.

எந்த எண் தேவை என்பதை முதன்மையாக எஞ்சினின் அழுத்த விகிதம், அதாவது சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது, தீர்மானிக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடம், வல்லம் வடகால் ஆலைகளைக் கொண்ட ராயல் என்ஃபீல்டின் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் அது 9.5 மடங்கு; ஹிமாலயன் 450 வண்டியிலோ 11.5 மடங்கு. சுருக்கம் கூடக் கூடச் சூடும் கூடுவதால் தாங்குதிறனும் கூட வேண்டும்; காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எஞ்சினுக்கும் இதே நிலைதான். உணரி உள்ள எஞ்சின், தட்டலை அறிந்ததும் பொறி விழும் நேரத்தைத் தள்ளிப்போட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளும்; ஆனால் இழுவை குறையும். மாறாக, 91-க்கு வடிவமைக்கப்பட்ட எஞ்சினில் 100 ஆக்டேன் ஊற்றினாலும் புதிய வலிமை ஏதும் பிறப்பதில்லை.

எண்களை ஒப்பிடும்போது அளவுகோலையும் பார்க்க வேண்டும். இந்தியாவிலும் வளைகுடா நாடுகளிலும் ஆர்.ஓ.என். என்னும் முறை வழங்குகிறது. அமெரிக்காவில் அதனுடன் கடுமையான மற்றொரு சோதனையின் எண்ணைச் சேர்த்துச் சராசரி எடுக்கின்றனர். எனவே அமெரிக்கப் பிக்கப் வண்டியின் கையேட்டில் உள்ள 87, ஏறத்தாழ இங்குள்ள 91-க்குச் சமம். இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலின் எண் 95-ஐ எட்டுவதால், அந்த எண்ணுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டிய தேவை குறைந்துள்ளது. எனினும் எத்தனாலின் எரிதிறன் குறைவு என்பதால் மைலேஜ் சற்றுக் குறையும். பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களையும் அவ்வப்போது சோதித்துக்கொள்வது நல்லது.

பிளக்கைத் தேர்ந்தெடுப்பதில் விலையைவிட வெப்பத்தரம் முக்கியமானது. பிளக்கின் முனை ஏறத்தாழ 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே கரி படியும், மேலே போனால் பொறி விழும் முன்பே முனையின் சூடு கலவையைப் பற்றவைத்துவிடும். பீங்கான் மூக்கு நீண்டிருந்தால் வெப்பம் மெதுவாக வெளியேறும், அது ‘சூடான’ பிளக். குட்டையாக இருந்தால் விரைவில் வெளியேறும், அது ‘குளிர்ந்த’ பிளக். என்ஜிகே, டென்சோ நிறுவனங்களில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது. பாஷ் நிறுவனத்தில் எண் கூடினால் பிளக் சூடானது. இந்த வேறுபாட்டை அறியாமல் எண்ணை மட்டும் பார்த்து மாற்றினால் விளைவு நேர்மாறாகும்.

பொறி தாண்டும் இடைவெளியும் கையேட்டில் குறித்தபடி இருக்க வேண்டும். டர்போ பொருத்தியோ கணினி நிரலை மாற்றியோ திறன் கூட்டப்பட்ட எஞ்சினில் அழுத்தம் மிகுவதால் பொறி தாண்டுவது கடினமாகிறது. அதனால் அத்தகைய வண்டிகளில் ஒரு படி குளிர்ந்த பிளக்கும் சற்றுக் குறைந்த இடைவெளியும் பயன்படுத்தப்படுகின்றன. இரிடியம் பிளக் நீண்ட நாள் உழைக்கும் என்பதே அதன் உண்மையான சிறப்பு. மெல்லிய முனை ஒடியக்கூடும் என்பதால் அதைத் தட்டி வளைக்கக் கூடாது.

காஞ்சிப் பட்டுச் சேலையில் உடலையும் கரையையும் கோர்வை என்னும் நெசவு முறை பிணைப்பதுபோல, எரிபொருளும் பிளக்கும் எஞ்சினுக்குள் ஒன்றோடொன்று இசைய வேண்டும். அந்த இசைவை அறிய எளிய வழி, எஞ்சின் குளிர்ந்த பின் பிளக்கைக் கழற்றி அதன் மூக்கைப் பார்ப்பதாகும். வெளிர் பழுப்பு நிறம் பொருத்தம் சரி என்று காட்டும். உலர்ந்த கறுப்புக் கரி, கலவையில் பெட்ரோல் மிகுதி அல்லது பிளக் மிகக் குளிர்ந்தது என்று காட்டும். வெளுத்துக் கொப்பளித்த பீங்கான் மிகைச் சூட்டைக் காட்டும். பங்கில் உயர்ரகப் பெட்ரோலுக்குக் கூடுதல் பணம் கொடுக்குமுன், கையேட்டின் ஒரு பக்கத்தையும் பிளக்கின் நிறத்தையும் பார்ப்பவர், தம் வண்டிக்குத் தேவையானதை மட்டும் வாங்குவார்.