காக்கைக் கூட்டில் ஒரு கோப்பு

1986 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினிக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. ஒரு டாலர்கூட இல்லை. வானியல் வேலைக்கான பணம் தீர்ந்துபோய்க் கணினி அறைக்கு அனுப்பப்பட்டிருந்த கிளிஃப் ஸ்டால் அதை விடாமல் துருவினார். கட்டண முகவரியே இல்லாத ‘ஹன்டர்’ என்ற பயனர் சில விநாடிகள் கணினியைப் பயன்படுத்தியிருந்தது தெரிந்தது. அப்படியொரு கணக்கைத் திறக்க நிர்வாகியின் அதிகாரம் வேண்டும். வெளியாள் ஒருவருக்கு அது எப்படிக் கிடைத்தது?

யூனிக்ஸ் கணினிகளில் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர், குழு, மற்றவர் என மூன்று தரப்பினர் உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று அனுமதிக்கு எண் கொடுப்பார்கள். 644 என்றால் உரியவர் படித்து எழுதலாம், மற்றவர்கள் படிக்க மட்டுமே முடியும். இந்த வேலிகளுக்கெல்லாம் மேலே இருப்பவர் ‘ரூட்’ என்னும் நிர்வாகி.

எழுதும் அனுமதி பார்வைக்குச் சாதுவானது. அந்தக் கோப்பைப் பிறகு யார் இயக்கப்போகிறார் என்பதில்தான் வில்லங்கம். திண்ணையில் கிடக்கும் நோட்டில் உள்ளதை அப்படியே செய்துமுடிக்கும் வேலையாள் ஒருவர். அவர் இடுப்பில் வீட்டின் சாவிக்கொத்து. நோட்டில் ஒரு வரி எழுத முடிந்தவருக்குச் சாவி எதற்கு?

பெர்க்லியில் அந்த வேலையாளின் பெயர் ‘ஏடி-ரன்’. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரூட் அதிகாரத்தோடு ஓடும் சின்ன நிரல். அது இருந்த இடத்தில் சாதாரணப் பயனர் கைவைக்க முடியாது. ஆனால் ஈமேக்ஸ் மென்பொருளோடு வந்த ‘மூவ்மெயில்’ என்ற அஞ்சல் நிரலுக்கும் அங்கே ரூட் அதிகாரம் கொடுத்திருந்தார்கள். கோப்பை எங்கே கொண்டுபோய் வைக்கச் சொன்னாலும் அது வைத்தது. கேட்பவர் யாரென்று பார்க்கவில்லை. ஊடுருவியவர் தன் போலி ஏடி-ரன்னை அதன் மூலம் அசலின் இடத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஐந்து நிமிடத்துக்குள் கணினியே அதை இயக்கி அவரை நிர்வாகியாக்கியது. உடனே அசலைப் பழையபடி வைத்துவிட்டார். காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயில்கூட இவ்வளவு சுத்தமாகத் தடயத்தை அழிப்பதில்லை!

1989-இல் ஸ்டால் எழுதிய புத்தகத்தின் தலைப்பிலும் குயில் முட்டைதான். ஊடுருவியவர் மேற்கு ஜெர்மனியின் ஹானோவரைச் சேர்ந்த மார்கஸ் ஹெஸ். அவரும் கூட்டாளிகளும் திருடிய தகவல்கள் சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்கு விற்கப்பட்டன.

மூவ்மெயிலுக்குக் கிடைத்ததுபோல் நிரலுக்கு அதன் உரிமையாளரின் அதிகாரத்தை இரவல் தரும் ஏற்பாடு டென்னிஸ் ரிச்சியின் கண்டுபிடிப்பு. 1979-இல் காப்புரிமை பெற்றது. நல்ல ஏற்பாடுதான். ரூட் மட்டுமே எழுதக்கூடிய கடவுச்சொல் கோப்பில் பயனர் தன் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ள அது இல்லாமல் முடியாது.

கோப்பைப் பூட்டிவிட்டு அது இருக்கும் அடைவை, அதாவது ஃபோல்டரை, திறந்து போடுகிறவர்களும் உண்டு. அடைவில் எழுத முடிந்தால் பூட்டிய கோப்பை அழித்துவிட்டு அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம். பெயரை மட்டும் பார்த்து இயக்கும் நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. ‘அனுமதி இல்லை’ என்று கணினி முரண்டு பிடிக்கும்போது 777 என்று தட்டி எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுவது இணையப் பணியாளர்களிடையே பழகிப்போன கைமருந்து. விண்டோஸில் பின்னணிச் சேவையின் நிரல் இருக்கும் அடைவை எல்லாரும் எழுதும்படி விட்டால் அங்கேயும் இதே கதைதான்.

அனுமதியெல்லாம் சரியாக இருந்தும் சுவர் ஓட்டையான சம்பவம் 2022-இல் வெளிவந்தது. லினக்ஸின் கருநிரலிலேயே (கெர்னல்) இருந்த பிழை அது. படிக்க மட்டும் உரிமையுள்ளவரும் கோப்பின் உள்ளடக்கத்தை மாற்ற முடிந்தது. அதைக் கண்டுபிடித்து ‘டர்ட்டி பைப்’ என்று பெயர் வைத்த மேக்ஸ் கெல்லர்மன் பாதுகாப்பு ஓட்டையைத் தேடிப் போகவில்லை. வாடிக்கையாளர்களின் சர்வர் பதிவுக் கோப்புகளில் சில ஏன் கெட்டுப்போகின்றன என்றுதான் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். கெட்டிருந்தது ஒவ்வொன்றின் கடைசி 8 பைட்டுகள்.