‘ரெஃபர் பண்ணுங்க சார்’ என்று கேட்பதற்கு முன்னால்

வேலை தேடுறவங்க நிறைய பேர் என்கிட்ட கேட்கிற கேள்வி இது: “லிங்க்ட்இன்ல தினமும் பத்து பேருக்கு ரெக்வஸ்ட் அனுப்புறேன். ஏத்துக்கிறாங்க, ஆனா மெசேஜ் போட்டா பதிலே இல்ல. ஏன்?”

முதல்ல ஒரு பழைய ஆய்வைச் சொல்லிடறேன். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார. தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்த நபரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருந்தார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். மற்றவர்களுக்கு, எப்போதாவது பார்க்கிற ஒருவர் மூலமாகத்தான் வேலை வந்திருக்கிறது. காரணம் எளிமையானது. நெருங்கின நண்பருக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் நமக்கும் தெரிஞ்சிருக்கும். புதுத் தகவல் கொஞ்சம் தள்ளி இருந்துதான் வரும்.

2022-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, லிங்க்ட்இன்னில் 2 கோடிப் பேருக்கு மேல் வைத்து இதைச் சோதித்தது. பொதுவான தொடர்புகள் ஓரளவு இருக்கிற அறிமுகங்கள்தான் வேலை மாற அதிகம் உதவின. பொதுவாக யாருமே இல்லாதவர்கள் அந்த அளவுக்கு உதவவில்லை.

அதனால, பழைய ஆபீஸ்ல பக்கத்து டீம்ல இருந்தவர், காலேஜ் சீனியர், இவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க. எடுத்தவுடனே ரெஃபரல் கேட்காதீங்க. ரெஃபர் பண்றதுன்னா அவர் தன் பேரை உங்களுக்காக அடமானம் வைக்கிற மாதிரி. உங்க வேலையைப் பத்தி எதுவும் தெரியாம எப்படி வைப்பார்?

அதுக்குப் பதிலா, ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்லக்கூடிய கேள்வியா கேளுங்க. “அண்ணா, நீங்க மேனுவல் டெஸ்டிங்ல இருந்து ஆட்டோமேஷனுக்கு மாறினதைப் ப்ரொஃபைல்ல பார்த்தேன். நானும் அதே இடத்துலதான் நிக்கிறேன். முதல்ல எதைக் கத்துக்கிட்டீங்க?” தன் அனுபவத்தைப் பத்திக் கேட்டா, சொல்ல மனசு வரும்.

பலர் கோட்டை விடுறது இதுக்கு அப்புறம்தான். பதில் வந்ததும் ‘தேங்க்ஸ்’ போட்டுட்டு மறைஞ்சிடறாங்க. அவர் சொன்னதைச் செஞ்சு பாருங்க. மூணு வாரம் கழிச்சு, “நீங்க சொன்னபடி செஞ்சேன், இந்த இடத்துல சிக்கினேன், இப்படித் தீர்த்தேன்”னு எழுதுங்க. உங்க உழைப்பு அவர் கண்ணுல படுறது அப்போதான். நாளைக்கு அவங்க டீம்ல ஒரு இடம் காலியானா, உங்க பேரைச் சொல்ல அவருக்கு ஒரு காரணம் இருக்கும்.

இந்த வாரம் பத்து பேர் வேண்டாம். ஒருத்தருக்கு மட்டும், ப்ரொஃபைலை முழுசாப் படிச்சிட்டு எழுதுங்க.