அமினோ அமிலப் பொடியால் ஆற்றல் கூடுமா?

மும்பையில் இப்போது தெருவுக்குத் தெரு உடற்பயிற்சிக் கூடங்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் பிள்ளைகள் காலையில் எழுந்து அங்கே போவது மகிழ்ச்சிக்குரிய விஷயம்தான். ஆனால் பயிற்சியோடு சேர்ந்து ஒரு டப்பாவும் வீட்டுக்கு வந்துவிடுகிறது. "இந்த அமினோப் பொடியைக் குடித்தால் பையனுக்கு உண்மையிலேயே தெம்பு கூடுமா? கெடுதல் ஒன்றும் இல்லையே?" என்று சங்க நிகழ்ச்சிகளில் பலரும் என்னைக் கேட்கிறார்கள். உணவு ஆலோசகர் என்ற முறையில் இரண்டு கேள்விகளுக்கும் இங்கே விளக்கம் தருகிறேன்.

மூன்று மட்டும் போதுமா?

நாம் உண்ணும் புரதம் செரிக்கும்போது அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றைக் கொண்டு உடல் தனக்கு வேண்டிய தசையைக் கட்டிக்கொள்கிறது. மொத்தம் 20 வகை. அவற்றில் 9 வகையை உடலால் தயாரிக்க முடியாது, உணவிலிருந்துதான் வரவேண்டும். பி.சி.ஏ.ஏ. என்று டப்பாவில் போட்டிருப்பது இந்த ஒன்பதில் லூசின், ஐசோலூசின், வேலின் ஆகிய மூன்று மட்டுமே.

தசை கட்டும் வேலையைத் தொடங்கச் சொல்லி உடலுக்குச் சைகை கொடுப்பது லூசின். விளம்பரம் இந்த உண்மையைத்தான் பெரிதாக்குகிறது. மேஸ்திரி வந்து குரல் கொடுத்தாலும், செங்கல் இல்லாமல் சுவர் எழும்புமா? மீதி ஆறும் சேர்ந்து வந்தால்தான் வேலை நடக்கும். பால், முட்டை, இறைச்சி ஆகியவற்றில் ஒன்பதும் சேர்ந்தே இருக்கின்றன. அரிசியில் குறைவான லைசின் பருப்பில் உண்டு. பருப்பில் குறைவான மெதியோனின் அரிசியில் உண்டு. இட்லியும் பொங்கலும் அந்த வகையில் நல்ல கூட்டணி.

களைப்பு குறையுமா?

நெடுநேரம் ஓடும்போது டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் மூளைக்குள் அதிகம் நுழைந்து களைப்பை உண்டாக்குகிறது, பி.சி.ஏ.ஏ. அதற்குப் போட்டியாக நின்று தடுக்கும் என்று ஆக்ஸ்போர்டு விஞ்ஞானி எரிக் நியூஸ்ஹோம் கருதினார். 1991இல் வெளியான ஒரு மாரத்தான் ஆய்வில் மெதுவாக ஓடியவர்களுக்கு மட்டும் சிறிது பலன் தெரிந்தது. ஆனால் 1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் பயிற்சி பெற்ற 10 பேரைக் கொண்டு சோதித்தபோது, பி.சி.ஏ.ஏ. கொடுத்தும் தாக்குப்பிடிக்கும் நேரம் கூடவில்லை; டிரிப்டோபான் கொடுத்தும் குறையவில்லை.

மறுநாள் வரும் தசைவலி சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. வலி குறைவது வேறு, வேகம் கூடுவது வேறு. குளூட்டமின், ஆர்ஜினின் ஆகியவற்றாலும் ஆரோக்கியமான விளையாட்டு வீரர்களுக்கு நம்பத்தக்க பலன் காணப்படவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பீட்டா அலனைன் பல வாரங்கள் எடுத்துக்கொண்டால், சில நிமிடங்கள் நீடிக்கும் கடும் முயற்சியில் சிறிதளவு உதவுகிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் 2018ஆம் ஆண்டு அறிக்கையும் இதை ஏற்கிறது. தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வு வரலாம். நொடிக்கணக்கில் வெற்றி தோல்வி முடிவாகும் நிலையை எட்டிய வீரருக்கு இது பயன்படலாம்; புதிதாகப் பயிற்சி தொடங்கிய பிள்ளைக்கு அல்ல.

சாப்பாட்டுக் கணக்கு

நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2020இல் சொன்ன அளவுப்படி, பெரியவர்களுக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். கடும் பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவைப்படலாம். 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கணக்குப்படி, சுமார் 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சியில் கூடுதல் பலன் இல்லை. 60 கிலோ எடைக்கு இது 96 கிராம்.

அரை லிட்டர் பாலில் 16 கிராம், இரண்டு முட்டையில் 12, 50 கிராம் வேர்க்கடலையில் 12, 50 கிராம் பருப்பில் 11 கிராம் புரதம் உண்டு. சோறு, சப்பாத்தியிலும் ஓரளவு கிடைக்கும். ஆனால் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டிய சாம்பாரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்!

ஆள்சேர்ப்பு ஓட்டத்துக்குத் தயாராகும் மகனுக்காக, வீட்டுச் செலவில் மிச்சம்பிடித்துப் பொடி வாங்கும் ஒரு தாயாரை அறிவேன். அந்தப் பையன் காலையில் சாப்பிடுவது டீயும் பாவும் மட்டும். பொடிக்கான பணம் முட்டைக்கும் பாலுக்கும் போனால் அவனுக்கு எவ்வளவோ நன்மை.

கெடுதல் உண்டா?

தரமான பொடியை அளவோடு எடுத்துக்கொள்ளும் ஆரோக்கியமானவருக்குப் பெரிய ஆபத்து இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. கவலை தருவது கலப்படம். 1989இல் அமெரிக்காவில் டிரிப்டோபான் மாத்திரை சாப்பிட்டவர்களில் 1,500க்கும் மேற்பட்டோருக்குக் கடும் தசைவலி நோய் கண்டது. 30க்கும் அதிகமானோர் இறந்தனர். பெரும்பாலும் ஒரே தொழிற்சாலையின் சரக்கு. அதில் கலந்திருந்த மாசு மீதுதான் சந்தேகம் விழுந்தது. போட்டிகளில் கலந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: பொடியில் தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்தால், தெரியாமல் சாப்பிட்டாலும் பொறுப்பு வீரருடையதே. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் உள்ள டப்பாவாகவே இருக்கட்டும். ஆனால் அந்த எண் வலிமைக்கு அளித்த உத்தரவாதம் அல்ல.

ஆகவே டப்பாவுக்காகப் பிள்ளையுடன் சண்டை வேண்டாம். ஒரு வாரம் அவன் சாப்பிடுவதை எழுதச் சொல்லி, கூட உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். குறைவது புரதமா, தூக்கமா, ஒழுங்கான பயிற்சியா என்று அதிலேயே தெரிந்துவிடும்.