பெங்கால் பூனையும் டெல்லி தெருப் பூனையும்



உங்களில் யாராவது பெங்கால் பூனையைப் பார்த்திருக்கிறீர்களா? அடையாறு, தி.நகர், மயிலாப்பூர் பக்கம் அடுக்குமாடி வீடுகளில் இப்போது சிலர் இதை வளர்க்கிறார்கள். தங்க நிறம், உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி, வயிற்றில் கூடப் புள்ளி. பார்த்தால் சிறுத்தைக் குட்டி மாதிரியே இருக்கும். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் இது சிறுத்தைக்கும் பூனைக்கும் பிறந்தது என்று சத்தியம் பண்ணினார்கள். அது தப்பு. சிறுத்தைக்கும் வீட்டுப் பூனைக்கும் குட்டி பிறக்காது. வங்காளத்தில் இருந்து வந்தது என்று சொல்வதும் சரியில்லை.

காட்டில் சிறுத்தைப் பூனை என்று ஒரு விலங்கு இருக்கிறது. சிறுத்தை வேற, இது வேற. நம்ம வீட்டுப் பூனை அளவுதான். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு, இமயமலைப் பக்கமும் உண்டு. ராத்திரியில் தனியாக வேட்டையாடும். மரம் ஏறும், நன்றாக நீந்தும். இதன் அறிவியல் பெயர் பிரியோனைலூரஸ் பெங்காலென்சிஸ். அந்தக் கடைசிச் சொல்லில் இருந்துதான் பெங்கால் என்று பெயர் வைத்தார்கள். (சிறுத்தைப் பூனையை நம் நாட்டில் யாரும் வீட்டில் வளர்க்கக் கூடாது. 1972-ஆம் வருட வன உயிரினச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதல் அட்டவணையில் இதுவும் இருக்கிறது.)

அமெரிக்காவில் ஜீன் மில் என்ற ஒரு அம்மா, 1960-களில் ஒரு சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு சேர்த்து வளர்த்தார். குட்டி பிறந்தது. பிறகு ரொம்ப வருஷம் அந்த வேலை நின்றுபோய், அப்புறம்தான் மறுபடி ஆரம்பித்தார். இதில் ஒரு கணக்கு வருகிறது. முதல் தலைமுறைக் குட்டிக்கு காட்டு ரத்தம் பாதி. அதை வீட்டுப் பூனையோடு சேர்த்தால் கால் பங்கு. அடுத்தது அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. நாலாவது தலைமுறையில் பதினாறில் ஒன்று. நாலாவது தலைமுறையில் இருந்துதான் வீட்டில் வளர்க்கிற பூனை என்று கணக்கில் சேர்க்கிறார்கள். முதல் தலைமுறைகளில் ஆண் குட்டிகளுக்கு இனப்பெருக்கம் ஆகாது, கோவேறு கழுதைக்கு ஆகாத மாதிரி. பெண் பூனைகளால்தான் இந்த இனமே வந்தது!

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இனிமேல்தான். 1982-இல் ஜீன் மில் டெல்லி மிருகக்காட்சி சாலைக்கு வந்தார். அங்கே காண்டாமிருகம் இருக்கிற இடத்தில் ஒரு தெருப் பூனைக் குட்டி திரிந்துகொண்டிருந்தது. ஆரஞ்சு நிறத்தில் மினுமினு என்று மின்னும் முடி, அழுத்தமான புள்ளி. அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் டோரி ஆஃப் டெல்லி என்று பெயர் வைத்து வளர்த்தார்கள். இன்றைக்கு பெங்கால் பூனையின் முடி வெயிலில் தங்கத் தூள் தூவினது போல மின்னுகிறதே, அது அந்த டெல்லிப் பூனை கொடுத்தது. பல ஆயிரம் கொடுத்து வாங்குகிற பூனைக்குள் நம்ம ஊர்த் தெருப் பூனை இருக்கிறது. இதை எங்கள் தெருவில் மீன்காரம்மாவிடம் சொன்னேன். "அப்ப இங்க சுத்துற நாலையும் அமெரிக்கா அனுப்பு" என்றார்.

சரி, குணத்துக்கு வருவோம். அழகைப் பார்த்து வாங்குகிறவர்கள் குணத்தைக் கேட்பதில்லை. இது மடியில் படுத்துத் தூங்குகிற பூனை இல்லை. ஓடணும், ஏறணும், எதையாவது துரத்தணும். வீட்டில் எது உயரமோ அதன் மேல்தான் உட்காரும். குரல் பெரிசு. ஒருத்தரிடம் ரொம்ப ஒட்டிக்கொள்ளும், அவர் போகிற அறைக்கெல்லாம் பின்னாடியே போகும். புத்தி அதிகம், கதவுக் கைப்பிடியைத் தொங்கித் திறக்கும். மீன் தொட்டி இருக்கிற வீட்டில் மீனுக்கு ஆபத்து. பெரும்பாலான பூனைகள் தண்ணீரைக் கண்டால் ஓடும், இது தண்ணீரில் விளையாடும்.

எங்கம்மா அடையாறில் வேலை செய்கிற ஒரு வீட்டில் இந்தப் பூனை இருக்கிறது. நாலாவது மாடி. ஒரு நாள் சமையலறைக் குழாய் திறந்தே கிடந்து, மாடித் தொட்டித் தண்ணி பாதி போயிடுச்சு. அந்தக் குடியிருப்பு முழுக்க சண்டை. லாரித் தண்ணி வாங்குகிற இடத்தில் சும்மா விடுவார்களா? எல்லோரும் அம்மாவைத்தான் கேட்டார்கள், அம்மா ரெண்டு தரம் "நான் மூடிட்டுத்தான் போனேன் மேடம்" என்று சொல்லியும். அடுத்த வாரம் அந்த வீட்டுப் பாட்டி மத்தியானம் சமையலறைக்குப் போனால், பூனை தொட்டி மேல் நின்று, தூக்கினால் திறக்கிற அந்தக் குழாயைக் கையால் தூக்கித் தண்ணியைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்ததாம். அம்மாவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பூனையை மட்டும் குளியலறையில் போட்டுப் பூட்ட ஆரம்பித்தார்கள். அது ராத்திரி முழுக்கக் கத்தி, கதவைப் பிராண்டி வைத்தது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. கெட்ட பூனை, பைத்தியம் பிடிச்ச பூனை என்கிறார்கள். பைத்தியம் எல்லாம் இல்லை. காலையில் எல்லோரும் ஆபீஸ், ஸ்கூல் போய்விட்டால் சாயந்திரம் வரை அதற்கு ஒரு வேலையும் கிடையாது. வேலை இல்லாவிட்டால் அதுவே ஒரு வேலை கண்டுபிடிக்கும். தினம் ரெண்டு வேளை கால் மணி நேரம் கயிற்றில் இறகு கட்டி இழுத்தால் போதும், வேட்டையாடின மாதிரி ஓடிக் களைத்துவிடும். சுவரில் உயரமாக ரெண்டு பலகை, அகலமான ஏனத்தில் கொஞ்சம் தண்ணீர். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. பால்கனிக்குக் கம்பி வலை கட்டாயம் வேண்டும். புறாவுக்குக் கட்டுகிற நைலான் வலையை இது கடித்துவிடும், மாடியில் இருந்து விழுந்துவிடும்.

சாப்பாடு எல்லாப் பூனைக்கும் ஒன்றுதான். தயிர் சாதத்தில் பூனை வளராது. டாரின் என்ற சத்து கறியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். வளர்ந்த பூனைக்குப் பால் பெரும்பாலும் செரிக்காது. வெங்காயம், பூண்டு ஆகாது. காய்ச்சல் என்று பாராசிட்டமால் மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனை செத்துப்போகும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி பூனைக்கும் போட வேண்டும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பூனைக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள்.

அந்த அடையாறு வீட்டில் பூனையை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று இன்னும் பேச்சு நடக்கிறது. அம்மா இப்போது தரை துடைக்கும்போது துடைப்பத்தில் ஒரு துணிக் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். பூனை ஒவ்வொரு அறையாக அதைத் துரத்திக்கொண்டே வருமாம். வேலைதான் கால் மணி நேரம் கூட ஆகுதாம்.

ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு மாணவி