உப்புக் காற்றும் இறுவட்டும்

இசை இறுவட்டுக்களைச் சேகரித்து வைப்பது இனியதொரு பழக்கம். காருக்குறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் ஒருபுறம், வோலி பஸ்டியனின் பைலா மறுபுறம், மேனாட்டு இசைமேதை பீத்தோவன் இன்னொருபுறம் என அலுமாரியில் அடுக்கிப் பார்க்கும்போது நமக்கு உண்டாகும் பெருமிதம் சொல்லுந்தரமன்று.

ஆயினும், கற்பிட்டி முதல் சிலாபம் வரை கடலோரத்தில் வாழும் நாம் ஒன்றை மறத்தலாகாது. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இறுவட்டின் உயிர், அதனுள் இருக்கும் மெல்லிய அலுமினியப் படலமேயாம். கருவியின் ஒளிக்கதிரைத் திருப்பியனுப்புவது அதுவே. எழுத்துப் பதித்த மேற்பக்கத்துப் பூச்சு ஒன்றே அதற்குக் காவல். அங்கே கீறல் விழுந்தால் ஈரமும் உப்பும் உட்புகுந்து படலத்தை அரித்துவிடும். ஆகவே, இறுவட்டைப் பெட்டியிலிட்டு, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிறுத்தி வைத்தல் வேண்டும். பிரதியொன்று எடுத்துக்கொள்ளுதலும் நன்று.

இன்னுமொன்று. உடப்பில் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடலும், புத்தளத்தையடுத்த சிரம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் பாடும் மஞ்சாப் பாடலும் நம் அலுமாரியில் உண்டா? பீத்தோவன் கெட்டால் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம். நம்மூர் முதியவரின் குரல் ஓய்ந்துவிட்டால் அதனை எக்கடையில் வாங்குவோம்? அவர்தம் இசைவு பெற்று, இன்றே பதிவுசெய்து வைப்போமாக.