மரத்தைத் தட்டினாரா பாட்டி?

மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள் ‘என் பாட்டி’ என்று கட்டுரை எழுதினாள். அதில் ஒரு வரி: “பாட்டி தோட்டத்தில் ரப்பர் மரத்தைத் தட்டினார்.” கைப்பேசியில் ‘டேப்’ என்ற ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்த்துக் கொண்டாளாம். செனாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது ஆண்டு பால் வெட்டிய அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

“தட்டிக்கிட்டு நின்னிருந்தா ஒனக்கு யாருடா சோறு போட்டிருப்பா?” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் தினமும் ‘டேப்’ செய்பவன்தான். விடியுமுன் பேருந்தில் ஏறி அட்டையைத் தட்டுகிறேன்; சிங்கப்பூர் ரயில் நிலையத்தில் மறுபடியும் தட்டுகிறேன். என் ‘டேப்’பும் அம்மாவின் ‘டேப்’பும் ஒன்றா?

இல்லை. எழுத்தும் ஒலியும் ஒன்று, சொற்கள் இரண்டு. மெல்லத் தட்டும் ‘டேப்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. டேப் டான்ஸ் இதன் பிள்ளை.

மற்றது பழைய ஆங்கிலச் சொல். மதுப் பீப்பாயின் துளையை அடைக்கும் முளைக்கு அந்தப் பெயர். அதைத் திறந்து மதுவை வடிப்பது வினையாயிற்று. வீட்டுத் தண்ணீர்க் குழாய் இந்த ‘டேப்’தான். தொலைபேசியை ஒட்டுக்கேட்பதும் இதே: கம்பியிலிருந்து பேச்சை வடிக்கிறார்கள். இராணுவ முரசு ‘டாட்டூ’கூட, ‘பீப்பாய்க் குழாயை மூடு’ என்ற டச்சுத் தொடரிலிருந்து பிறந்தது. பச்சை குத்தும் டாட்டூ வேறு. அது பசிபிக் தீவுகளின் சொல்.

ரப்பருக்கு வருவோம். 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சிதைக்காமல் பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும் முறையை 1890களில் வகுத்தார். மரம் பீப்பாய், வெட்டுதான் அதன் திறப்பு.

ஆனால் ஆங்கிலச் சொல்லில் வடிவது மட்டும்தான் இருக்கிறது. ‘வெட்டு’ என்று நம்மவர்கள் சொன்னதில் உளி இருக்கிறது, கை இருக்கிறது. கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரத்துக்குக் காயம், கங்காணியிடம் ஏச்சு. வெயில் ஏறினால் பால் குறையும்; அதனால்தான் இருட்டிலேயே நிரைக்குப் போனார்கள். அந்தக் கைக்கணக்கைத் ‘தட்டினார்’ என்று எழுதிவிட்டால் அம்மாவின் முப்பது ஆண்டும் காணாமல் போகும்.

மகள் அழித்துவிட்டு, “பாட்டி பால் வெட்டினார்” என்று எழுதினாள். பிறகு பென்சிலைக் கடித்தபடி கேட்டாள்: “பாலை எப்படிப்பா வெட்டுறது?”

அம்மா எழுந்து போய்க் காய் நறுக்கும் கத்தியோடு வந்தார். தூணில் முனை படாமல், இடப்பக்க மேலிருந்து வலப்பக்கக் கீழாகச் சாய்த்து இழுத்துக் காட்டினார்.

“இப்படி.”